ஆங்கில இலக்கியத்துல நம்ம பக்கத்து மனுஷங்கள எப்படி பார்த்தாங்க? கொஞ்சம் விரிவா

கேள்வி என்னன்னா, பிரிட்டிஷ்காரங்க ஆசியாவ பிடிச்சுக்கிட்டே போன காலத்துல அவங்க எழுதின கதை, கவிதை, நாடகத்துல கிழக்குல இருக்கறவங்கள எப்படி காட்டினாங்க, ஆரம்பத்துலேர்ந்தே கேவலமாத்தான் பார்த்தாங்களா இல்ல நடுவுல மாறுச்சாங்கறது. மாறுச்சுங்க, நிறையவே மாறுச்சு. ஆனா ஏதோ ஒரு எழுத்தாளர் நல்லவரு, இன்னொருத்தர் கெட்டவருன்னு மாறல, அவங்க கையில எவ்வளவு அதிகாரம் இருந்துச்சு, அது கைய விட்டு போயிடுமோன்னு எவ்வளவு பயம் இருந்துச்சு, அதுக்கு தகுந்த மாதிரி எழுத்தும் திரும்பிக்கிட்டே இருந்துச்சு. இந்த புத்தகங்கள படிக்கும்போது நான் முக்கியமா பார்க்கறது ஒண்ணுதான், கதையில நம்ம ஆளுக்கு வாய் திறக்க இடம் கொடுத்திருக்காங்களா, கொடுத்தா அவன் என்ன பேசறான். அத மட்டும் பிடிச்சுக்கிட்டு போனாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்.

முதல்ல 1700கள். அப்போ லண்டன்ல இருந்த கோபம் நம்ம மேல இல்ல, இங்க வந்து சம்பாதிச்சுட்டு திரும்பி போன அவங்க ஆளுங்க மேலதான். மதராஸ் கவர்னரா இருந்த தாமஸ் பிட் இங்க இருந்தப்போ ஒரு பெரிய வைரத்த வாங்கி பிரான்ஸ் அரச குடும்பத்துக்கு வித்தாரு, அவரோட பேரன் பின்னாடி பிரிட்டன் பிரதமரே ஆனாரு. இந்த மாதிரி திடீர் பணக்காரங்கள நபாப்னு கூப்பிட்டாங்க. 1772-ல சாமுவேல் ஃபூட்னு ஒருத்தர் லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டர்ல அந்தப் பேர்லயே நாடகம் போட்டாரு, கிழக்குல கொள்ளையடிச்ச காச வச்சு ஊர்ல பழைய குடும்பத்தோட பொண்ணையும் பார்லிமென்ட் சீட்டையும் விலைக்கு வாங்க பார்க்கிற ஒரு ஆளோட கதை. வங்காளத்துல பெரிய பஞ்சம் வந்து 2 வருஷம்தான் ஆகியிருந்துச்சு, பார்லிமென்ட்ல கிளைவ் மேல விசாரணை ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆனா அந்த நாடகத்தோட கவலை இங்கிலாந்து கெட்டுப்போகுதேங்கறதுதான், வங்காளத்துல செத்தவன் அதுல வரவே மாட்டான்.

இதே காலத்துல இன்னொரு கூட்டமும் இருந்துச்சு. கல்கத்தாவுக்கு ஜட்ஜா வந்த வில்லியம் ஜோன்ஸ் 1784-ல ஏசியாட்டிக் சொசைட்டிய ஆரம்பிச்சாரு, 1789-ல சாகுந்தலத்த மொழிபெயர்த்தாரு, அது ஜெர்மனி வரைக்கும் போய் அங்க பெரிய கவிஞரான கதே எல்லாம் தலைமேல தூக்கி வச்சுக் கொண்டாடினாரு. அவங்க ஆர்வம் உண்மைதான், அத நான் சந்தேகப்பட மாட்டேன், ஆனா ஜோன்ஸ் சமஸ்கிருதம் படிக்க ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம் கோர்ட்ல பண்டிதர் சொல்றத அப்படியே நம்ப வேண்டியிருக்கேங்கற கவலையும்தான். ரசனையும் நிர்வாகமும் அங்க ஒண்ணாவே வந்துச்சு.

இந்த நூற்றாண்டுல நம்ம ஊர் ஆளுங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது எட்மண்ட் பர்க்குங்கற பார்லிமென்ட் உறுப்பினர் 1785 பிப்ரவரி 28 அன்னிக்கு பார்லிமென்ட்ல பேசின பேச்சு. ஆங்கில உரைநடையில பெரிய சாதனைன்னு அத இலக்கியமாவே படிக்கறாங்க, ஆனா விஷயம் முழுக்க ஆற்காடு நவாபோட கடன். மதராஸ்ல இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் நவாப் முகமது அலிக்கு அநியாய வட்டிக்கு கடன் கொடுத்தாங்க, நவாப் அத அடைக்க கிராமங்களோட வரி வருமானத்தையே அவங்ககிட்ட எழுதிக் கொடுத்தாரு, கடைசியில கடன் சுமை முழுக்க விவசாயி தலையில வந்து விழுந்துச்சு. பால் பென்ஃபீல்டுன்னு ஒரு ஆள்தான் இதுல பெரிய முதலை. பர்க் இந்தியாவுக்கு வந்ததே இல்ல, ஆனா அந்தப் பேச்சுல கர்நாடிக்னு அப்போ சொன்ன ஆற்காடு நவாபோட தமிழ்ப் பகுதியிலயும் தஞ்சாவூர்லயும் பெருசும் நடுத்தரமுமான ஏரிங்க மட்டும் 10,000-க்கு குறையாதுன்னு கணக்கு சொல்றாரு, அதையெல்லாம் வெட்டினவங்கதான் நிஜமான ராஜாக்கள், தனக்குப் பிறகு வர்ற தலைமுறைங்களுக்கும் சோறு போடணும்னு நினைச்சவங்கன்னு உருகி உருகி பேசறாரு. 1780-ல ஹைதர் அலி படை இறங்கினப்புறம் நூத்துக்கணக்கான மைல் போன பிரிட்டிஷ் சேனை ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, ஒரு குழந்த, ஒரு நாலுகால் பிராணியக்கூட பார்க்கலன்னு அதுல ஒரு இடம் வரும், படிச்சா மனச என்னமோ பண்ணும். லண்டன்ல நின்னுக்கிட்டு ஒருத்தர் நம்ம ஏரிகளப் பத்தி இவ்வளவு மரியாதையா பேசியிருக்காருங்கறது நம்ம பாடப்புத்தகத்துல ஏன் வரலன்னு எனக்கு நிஜமாவே வருத்தம். ஓட்டெடுப்புல அவரு தோத்துட்டாரு, அது வேற. அவரும் சாம்ராஜ்யமே வேண்டாம்னு சொன்னவரு இல்ல, ஒழுங்கா நடத்துங்கன்னு சொன்னவரு. அப்புறம் அந்த பேச்சுலயும் உழவனுக்காக பர்க் பேசறாரே தவிர உழவன் பேசல.

இனிமேல்தான் தொனி மாறுது. 1799-ல திப்பு விழுந்தாரு, 1818-ல மராத்தாக்கள், எதிர்த்து நிக்க பெரிய ஆள் இல்ல. எதிரி பலமா இருக்கற வரைக்கும் அவன பத்தி தெரிஞ்சுக்கணும்னு ஒரு மரியாதை இருக்கும், அவன் விழுந்துட்டான்னா அதுக்கு அவசியம் இல்ல. ஜேம்ஸ் மில் இந்தியாவ பார்க்காமலே, இந்திய மொழி ஒண்ணும் தெரியாமலே 1817-ல இந்தியாவோட வரலாற எழுதினாரு, பார்க்காததே தனக்கு நல்லதுங்கற மாதிரி முன்னுரையில வாதாடறாரு, அடுத்த 2 வருஷத்துல கம்பெனியிலயே அவருக்கு வேலையும் கிடைச்சுச்சு. அதே வருஷம் தாமஸ் மூரும் இந்தியா பக்கமே வராம லாலா ருக்னு ஒரு நீளமான கவிதை எழுதினாரு, பப்ளிஷர் கொடுத்த தொகை 3,000 கினி (பழைய ஆங்கிலப் பணம்), அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கிற காசு. கிழக்கையே பிடிச்சுக்கோன்னு அவருக்கு யோசனை சொன்னவரு இன்னொரு கவிஞர் பைரன். பைரனாவது துருக்கி, அல்பேனியான்னு சுத்தினவரு, மத்தவங்க பெரும்பாலும் புத்தகத்துலேர்ந்து எடுத்த அந்தப்புரம், ரோஜா, சுல்தான், பழிவாங்கல் இத வச்சே ஓட்டினாங்க. இந்த ரொமான்டிக் கவிதைங்க மேல எனக்கு பெரிய ஈர்ப்பு கிடையாது, கோல்ரிட்ஜோட குப்ளா கான் தவிர, அது வேற தளத்துல நிக்கிற கவிதை.

மெக்காலே எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு. ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தோட ஒரே ஒரு அலமாரி இந்தியா, அரேபியா மொத்த இலக்கியத்துக்கும் சமம்னு, இங்க ஆங்கிலக் கல்வி வேணும்னு வாதாடின 1835 குறிப்புல அவரு எழுதினது நம்ம ஊர்ல அடிக்கடி சொல்லப்படும். ஆனா அவரு 1841-ல வாரன் ஹேஸ்டிங்ஸ் பத்தி எழுதின கட்டுரையத்தான் நான் அதவிட மோசம்னு சொல்லுவேன். எருமைக்கு கொம்பு, புலிக்கு நகம், தேனீக்கு கொடுக்கு எப்படியோ அப்படித்தான் வங்காளிக்கு வஞ்சகம்னு அதுல வரும். நிர்வாகக் குறிப்ப ஆபீஸ்ல நாலு பேர் படிப்பான், கட்டுரைய வீட்டுக்கு வீடு படிச்சாங்க, அவ்வளவு சரளமான ஆங்கிலம், அந்த சரளம்தான் ஆபத்து. இங்க வேலைக்கு கிளம்பின இளவட்டங்க கப்பல் ஏறும்போதே இந்தியன்னா யாருன்னு மனசுல முடிவு பண்ணிக்கிட்டு வந்தாங்க. அந்தக் கல்வி திட்டம் இந்தப் பக்கம் என்ன பண்ணுச்சுன்னு தெரியணும்னா பாரதியோட சுயசரிதைக் கவிதைய பாருங்க, கம்பன்னு ஒருத்தன் வாழ்ந்ததே தெரியாம பசங்க ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு போய் வர்றாங்க, அப்பாவுக்கு ஆயிரம் செலவு, எனக்கு எள்ளளவும் நன்மை இல்லன்னு அவரு கொதிக்கிறாரு.

1857 சிப்பாய் கலகம் வந்தவுடனே எல்லாமே தலைகீழ். கான்பூர்ல ஆங்கிலப் பெண்களும் குழந்தைங்களும் கொல்லப்பட்ட செய்தி லண்டனுக்கு போனதும் அங்க ஒரு வெறியே வந்துச்சு. ஏழைகளுக்காக அழுத சார்லஸ் டிக்கன்ஸ், நான் மட்டும் இந்தியாவுல கமாண்டர் இன் சீஃபா இருந்தா அந்த இனத்தையே பூண்டோட அழிக்க பாடுபடுவேன்னு அந்த அக்டோபர்ல ஒரு தோழிக்கு கடிதம் எழுதினாரு. அவரோட 16 வயசுப் பையன் வால்டர் அந்த வருஷம்தான் இந்தியாவுக்கு ராணுவ வேலைக்கு கிளம்பிப் போயிருந்தான், அந்தப் பதற்றம் புரியுது, ஆனா அந்த வாக்கியத்துக்கு அது சமாதானம் ஆகாது. அதே டிசம்பர்ல அவரும் வில்கி காலின்ஸும் சேர்ந்து கிறிஸ்துமஸ் இதழுக்கு ஒரு கதை எழுதினாங்க, இடம் மத்திய அமெரிக்கா பக்கம் ஒரு தீவு, ஆனா கூடவே இருந்து துரோகம் பண்ற சுதேசி, மாட்டிக்கிட்ட ஆங்கிலப் பெண்கள்னு எல்லாமே அந்த வருஷத்து இந்தியச் செய்திதான். இதுக்கப்புறம் கலகத்த வச்சு நாவல் நாவலா வந்துச்சு, ஹென்டி மாதிரி ஆளுங்க பள்ளிப் பசங்களுக்கு கிளைவ், திப்புன்னு சாகசக் கதையா எழுதித் தள்ளினாங்க.

இந்த வெறிக்கு நடுவுல அதே வில்கி காலின்ஸ் 1868-ல தி மூன்ஸ்டோன் எழுதினாருங்கறது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம். டிக்கன்ஸ் நடத்தின பத்திரிகையிலயேதான் தொடரா வந்துச்சு. கதை 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்குள்ள ஆரம்பிக்குது, ஹெர்ன்காசில்னு ஒரு ஆங்கில அதிகாரி கையில ரத்தம் சொட்ற கத்தியோட நிக்கிறான், காவலுக்கு இருந்தவங்கள கொன்னு ஒரு சாமியோட வைரத்த எடுத்துக்கிறான். 3 பிராமணங்க அத தேடி இங்கிலாந்து வரைக்கும் போறாங்க. படிக்கிறவன் முழுக்க இந்த 3 பேர்தான் வில்லன்னு சந்தேகப்படுவான், ஆனா கல்ல அமுக்கினது தர்ம காரியம் பண்றதா ஊரே மெச்சுற ஒரு ஆங்கிலக் கனவான். கடைசியில கல்லு லண்டன்ல தங்காது, குஜராத்ல சோமநாத் போய் சாமி நெத்தியில உக்காருது, அத மீட்ட 3 பேரும் ஆளுக்கொரு திசையா யாத்திரை கிளம்பிடுவாங்க. முதல் திருட்டு எதுங்கறத காலின்ஸ் வாசகன மறக்க விடல. அந்த கோட்டையில நிஜமாவே கொள்ளையடிச்ச பொருள் லண்டன்ல காட்சிக்கு இருந்துச்சு, திப்புவோட மரப்புலி, கீழ கிடக்கிற ஐரோப்பியன் மேல பாய்ஞ்சு நிக்கும், கைப்பிடிய சுத்தினா புலி உறுமும், அந்த ஆள் முனகுவான், கம்பெனி ஆபீஸ்லயே வச்சு ஜனங்களுக்கு காட்டினாங்க, கீட்ஸ் கூட ஒரு கவிதையில அத கொண்டு வந்திருக்காரு. ஆனா காலின்ஸ்கிட்டயும் நம்ம கேள்வி அப்படியே நிக்கும். நாவல வேலைக்காரர், வக்கீல், டாக்டரோட உதவியாளர்னு பல பேர் மாறி மாறி சொல்றாங்க, அந்த 3 பிராமணங்களுக்கு மட்டும் ஒரு அத்தியாயம் கிடையாது. அவங்க நியாயத்தையும் ஒரு ஆங்கிலேயப் பயணிதான் தூரத்துலேர்ந்து பார்த்து எழுதறாரு.

அபின் விஷயத்த சொல்லாம போக முடியாது. பீகார் பக்கம் விவசாயிய அபின் போட வச்சு, கல்கத்தாவுல ஏலம் விட்டு, சீனாவுல அத இறக்குற வியாபாரத்த தாங்கிப் பிடிச்சது கம்பெனி, அதுக்காக போரே நடந்துச்சு. ஆனா கதையில பாருங்க, டி குவின்சி 1821-ல எழுதின அபின் அனுபவத்துல வீட்டு வாசல்ல ஒரு மலாய்க்காரன் வந்து நிக்கிறான், அப்புறம் கனவு கனவா ஆசியா வந்து அவரு கழுத்த நெரிக்குது. டிக்கன்ஸோட கடைசி நாவல்லயும், கோனன் டாயில் கதையிலயும் லண்டன் அபின் குடிலுக்குள்ள கிழக்குக்காரங்க முகம் மங்கலா தெரியும். 1913-ல சாக்ஸ் ரோமர் ஃபூ மான்சூன்னு ஒரு சீன வில்லன உருவாக்கி அந்த பயத்த உச்சத்துக்கு கொண்டு போயிட்டாரு. விஷத்த வித்தவன் கதையில இல்லவே இல்ல, வாங்க வைக்கப்பட்டவன் வில்லன் ஆயிட்டான். எனக்கு இந்த முழு வரலாற்றுலயும் ஆத்திரம் வர்ற இடம் இதுதான்.

சரி, கிப்ளிங். இவர ஒரே வரியில தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. 1865-ல பம்பாய்ல பிறந்தவரு, குழந்தையா இந்துஸ்தானி பேசினவரு, 1882-ல லாகூர்ல பத்திரிகை வேலைக்கு வந்தவரு. வெள்ளையனின் சுமைங்கற கவிதைய 1899-ல அமெரிக்கா பிலிப்பைன்ஸ பிடிச்சப்போ எழுதினாரு, ஆளப்படற ஜனங்கள பாதி பிசாசு, பாதி குழந்தைன்னு அதுல சொல்றாரு. ஜாலியன்வாலாபாக்ல சுட்ட டயருக்கு லண்டன் பத்திரிகை ஒண்ணு நிதி திரட்டினப்போ இவரும் பணம் கொடுத்தாரு. அதே கைதான் 1901-ல கிம் எழுதுச்சு. அதுல கிராண்ட் ட்ரங்க் ரோட்டுல போற கூட்டத்த அவரு எழுதியிருக்கற விதம், வாசனை, சத்தம், வண்டிக்காரன் திட்டறது, கிழவிங்க வம்பளக்கறது, திபெத் லாமாவோட சாந்தம், இத்தனையும் வெறுப்பு மட்டும் இருக்கறவனால எழுதவே முடியாது.

ஆனா முதல் பக்கத்துலயே நாவலோட நாயகன் கிம், லாகூர் தெருவுல வளர்ற வெள்ளைக்காரப் பையன், எங்க உக்காந்திருக்கான்னு கவனிங்க. லாகூர் மியூசியம் எதிர்ல இருக்கற ஜம்ஜமா பீரங்கி மேல. அந்த பீரங்கி யார்கிட்ட இருக்கோ பஞ்சாப் அவங்களுதுன்னு ஒரு பேச்சு உண்டு. அவன் ஒரு இந்துப் பையனையும் ஒரு முஸ்லிம் பையனையும் கீழ தள்ளிட்டு மேல ஏறியிருக்கான், அதுக்கு நியாயம் இருக்குன்னும் கிப்ளிங் சொல்றாரு, பஞ்சாப் ஆங்கிலேயர் கையில இருக்கு, கிம் ஆங்கிலேயன். விளையாட்டா எழுதின மாதிரி இருக்கும், ஆனா நாவலோட மொத்த அரசியலும் அந்த சீன்ல முடிஞ்சுபோச்சு. ஹுரி பாபுன்னு ஒரு வங்காளி ஒற்றன் வர்றாரு, மெக்காலே எழுதின அதே வங்காளி கேலி இங்கயும் இருக்கு, பயந்தாங்கொள்ளி, பெரிய பெரிய ஆங்கில வார்த்தையா பேசுவாரு. ஆனா அதே பாபு தன்னந்தனியா மலையில ஏறி ரெண்டு வெளிநாட்டு உளவாளிகள ஏமாத்தறாரு, அவருக்கும் அவரோட மேலதிகாரி கிரைட்டனுக்கும் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆகணும்னு ஒரே ஆசை. கிப்ளிங்கோட கண்ணு பார்த்தத அவரோட கொள்கையால முழுசா மூட முடியலங்கறதுக்கு இதவிட சாட்சி வேண்டாம். அதே புத்தகத்துல 1857 பத்தி பேச ஒரு கிழட்டு சிப்பாய் வர்றாரு, ராணுவத்த ஒரு பைத்தியம் பிடிச்சுதுன்னு சொல்றாரு, அவரு ஆங்கிலேயர் பக்கம் நின்னவரு. விமர்சகர் எட்வர்ட் சயீத் இந்த இடத்த ரொம்ப சரியா பிடிச்சாரு, மறுபக்கத்துல நின்ன சிப்பாய்க்கு அங்க ஒரு வரி கூட இல்ல. வாய் கொடுத்தாங்க, ஆனா என்ன பேசணும்னு எழுதிக் கொடுத்துதான் வாய் கொடுத்தாங்க.

ஃபார்ஸ்டரோட எ பாசேஜ் டு இந்தியா 1924-ல வந்துச்சு, எல்லா காலேஜ்லயும் படிக்கிறாங்க, அதனால நான் நீட்டல. அதுல வர்ற இந்திய டாக்டர் அஜீஸ் கேலிச்சித்திரம் கிடையாது, கோபம், அழுகை, கவிதைன்னு முழு மனுஷன், ஒரு ஆங்கிலப் பொண்ணு சொன்ன புகார்ல அவர கைது பண்ணதும் கிளப்ல இருந்த அத்தனை பேரும் ஒண்ணா சேர்ந்துக்கறத ஃபார்ஸ்டர் தயவே இல்லாம எழுதியிருக்காரு. ஆளறவனும் ஆளப்படறவனும் நண்பனா இருக்க முடியாது, இப்போதைக்கு முடியாதுன்னு முடிப்பாரு. ஜாலியன்வாலாபாக், ஒத்துழையாமை இயக்கம்னு நாடே எரிஞ்ச சில வருஷத்துக்குள்ள வந்த புத்தகம், அந்த அரசியல் ஏன் நேரடியா உள்ள வரலங்கறது எனக்கு இருக்கற மனக்குறை.

அவருக்கு 11 வருஷம் முன்னாடியே லியனார்ட் வுல்ஃப் இன்னும் தைரியமா ஒண்ணு பண்ணிட்டாரு, அத நம்ம ஆளுங்க நிறைய பேர் படிச்சதே இல்ல. வர்ஜீனியா வுல்ஃபோட கணவர்னு மட்டும் தெரியும். 1904-ல இலங்கை சிவில் சர்வீஸ்ல சேர்ந்து முதல்ல யாழ்ப்பாணம், அப்புறம் கண்டி, கடைசியா அம்பாந்தோட்டை, நடுவுல மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்ப மேற்பார்வை பாக்கற வேலை, அங்க நம்ம தமிழ் ஆளுங்களும் அரபு ஆளுங்களும் மூழ்கி எடுக்கறத பக்கத்துல நின்னு பார்த்தவரு. 1911-ல லீவுல ஊருக்கு போனவரு திரும்ப வேலைக்கு வரல, ராஜினாமா பண்ணிட்டாரு. 1913-ல தி வில்லேஜ் இன் தி ஜங்கிள் வந்துச்சு. தெற்கு இலங்கையில காட்டுக்குள்ள இருக்கற ஒரு சிங்களக் கிராமம், சிலிந்துன்னு ஒரு வேட்டைக்காரன், அவனோட 2 பொண்ணுங்க, ஊர் தலையாரி, கடன் கொடுக்கறவன், அவ்வளவுதான். வெள்ளைக்கார ஹீரோ கிடையாது, வெள்ளைக்காரனோட மனசாட்சி பத்தின கதையும் இல்ல. கோர்ட் சீன்ல வெள்ளைக்கார மாஜிஸ்ட்ரேட் மேல உக்காந்திருக்காரு, என்ன நடக்குது, யாரு என்ன கேக்கறாங்கன்னே குற்றம் சாட்டப்பட்டவனுக்கு புரியல, வுல்ஃப் அந்த நாற்காலியில நிஜமாவே உக்காந்து தீர்ப்பு சொன்னவரு, ஆனா கதைய கூண்டுல நிக்கிறவன் பக்கத்துலேர்ந்து எழுதறாரு. சாம்ராஜ்யம் கெட்டதுன்னு ஒரு இடத்துலயும் பிரசங்கம் பண்ண மாட்டாரு, அந்த சட்டம் அந்தக் குடும்பத்த ஒவ்வொருத்தரா எப்படி முடிச்சுக் கட்டுதுன்னு மட்டும் காட்டுவாரு. என்னைக் கேட்டா அந்த காலத்து ஆங்கில எழுத்துலயே ரொம்ப நேர்மையான நாவல் இதுதான்.

கடைசியா ஆர்வெல். பீகார்ல மோதிஹாரியில 1903-ல பிறந்தவரு, அப்பாவுக்கு வேலை அதே அபின் டிபார்ட்மென்ட்லதான். 1922-லேர்ந்து 1927 வரைக்கும் பர்மாவுல போலீஸ் அதிகாரி. 1934-ல பர்மீஸ் டேஸ் வந்துச்சு, அவதூறு கேஸ் வரும்னு லண்டன்ல பயந்ததால முதல்ல நியூயார்க்லதான் அச்சாச்சு. அதுல ஐரோப்பியன் கிளப்ல ஒரு சீன். கிளப் பட்லர் ஒரு திராவிடர்னு ஆர்வெல் எழுதறாரு. ஐஸ் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எல்லிஸ்னு ஒரு வெள்ளைக்காரன் கேக்கறான், இருக்கற அளவ சொல்லிட்டு, இப்போ ஐஸ உருகாம வச்சிருக்கறது ரொம்ப கஷ்டமா இருக்குன்னு பட்லர் நல்ல ஆங்கிலத்துல, முழு வாக்கியமா சொல்றாரு. எல்லிஸுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ, என்ன டிக்‌ஷனரிய முழுங்கிட்டியா, கொச்சையா உடைஞ்ச ஆங்கிலத்துலதான் நீ பேசணும்னு கத்தறான், இவன் இதுக்கு மேல நல்லா ஆங்கிலம் பேச ஆரம்பிச்சா வேலைய விட்டு தூக்கணும்னு மத்தவங்ககிட்ட சொல்றான். மெக்காலே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கணும்னார், 100 வருஷம் கழிச்சு அத ஒழுங்கா கத்துக்கிட்டவன பார்த்தா இவங்களுக்கு பொறுக்கல.

அதே நாவல்ல டாக்டர் வீராசாமின்னு ஒரு தென்னிந்தியர் வர்றாரு. அவருக்கும் ஃப்ளோரிங்கற மர வியாபாரிக்கும் நடக்கற வாக்குவாதம் தலைகீழா இருக்கும், நாங்க இங்க திருடத்தான் வந்திருக்கோம்னு ஃப்ளோரி சொல்வான், இல்ல நீங்கதான் சட்டம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் கொண்டு வந்தீங்கன்னு டாக்டர் பதறிப் பதறி வாதாடுவாரு. படிக்கும்போது அந்த டாக்டருக்காக மனசு வலிக்கும். ஊர்ல அவர ஒழிச்சுக் கட்ட ஒரு மாஜிஸ்ட்ரேட் சதி பண்ணிக்கிட்டு இருக்கான், கிளப்ல மெம்பர் ஆயிட்டா தப்பிச்சுடலாம்னு டாக்டர் நம்பறாரு. அவர சேர்த்துக்கக் கூடாதுங்கற பேப்பர்ல நண்பன் ஃப்ளோரியும் முதல்ல கையெழுத்து போட்டுக் கொடுத்துடறான், தைரியம் இல்ல. ஃப்ளோரி செத்தப்புறம் டாக்டருக்கு பேரும் போச்சு, பதவியும் குறைஞ்சுது, மாண்டலேவுக்கு மாத்திட்டாங்க, சதி பண்ணவன் கிளப் மெம்பர் ஆயிட்டான். ஆர்வெல் மேலயும் எனக்கு குறை உண்டு, பர்மியர்கள அவரு எழுதின விதத்துல பழைய வில்லத்தனமும் பழைய கேலியும் ஒட்டிக்கிட்டே இருக்கு, ஃப்ளோரி வச்சிருந்த பர்மியப் பொண்ணு மா லா மே மாதிரி ஒருத்தி தன் பக்கத்த சொல்ல அந்த நாவல்ல வழியே இல்ல.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, முதல்ல வுல்ஃப், சின்ன புத்தகம்தான். அப்புறம் மூன்ஸ்டோன், துப்பறியும் கதையாவே ஓடிடும். கிம் படிக்கும்போது அந்த பீரங்கியையும் அந்தக் கிழட்டு சிப்பாயையும் ஞாபகம் வச்சுக்கோங்க. பர்க்கோட பேச்ச முழுசா படிக்க பொறுமை இல்லன்னா ஏரி வர்ற பகுதிய மட்டுமாவது தேடிப் படிங்க. வுல்ஃப் தவிர இது மத்ததெல்லாம் காப்புரிமை முடிஞ்ச பழைய புத்தகம், இணையத்துல இலவசமாவே கிடைக்குது.